மூன்றாவது துப்பாக்கி

அமெரிக்கக் காணொளிகளின் வழியே இந்தியத் துப்பாக்கி ஆர்வலர் சிலரின் பேச்சில் ஒரு புதிய தொடர் வந்து சேர்ந்திருக்கிறது: "தொடக்கத் தொகுப்பு". புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர் முதலில் வாங்க வேண்டிய மூன்று, நான்கு கைத்துப்பாக்கிகளின் பட்டியல் என்பது அதன் பொருள். பட்டியல் பெரும்பாலும் ஒரே மாதிரி அமைவது. பயிற்சிக்கு ஒரு .22 பிஸ்டல், பழைய ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வர் ஒன்று, 1911ஆம் ஆண்டின் பெயரைத் தாங்கிய கோல்ட் ஒன்று, இக்காலத்துக்கு ஒரு கிளாக். அமெரிக்காவில் இது இயல்பான பேச்சு. ஐம்பது ஆண்டு கடந்த துப்பாக்கிகளைத் தொகுப்போருக்கென்று அங்கே கூட்டரசு தனி உரிமமே வழங்குகிறது. இந்தியாவில் அப்பட்டியலைக் கையிலெடுத்தவர் முதல் அடியிலேயே முட்டிக்கொள்வார். கிளாக்கின் 9 மி.மீ. தோட்டா, படையினரும் காவலரும் பயன்படுத்துவது என்பதால் குடிமக்களுக்குத் "தடைசெய்யப்பட்ட விட்டம்". மற்றவற்றையும் எளிதில் வாங்கிவிட முடியாது. குடிமக்களுக்கான துப்பாக்கி இறக்குமதி 1980களிலேயே அடைபட்டுவிட்டது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டியலின் நீளத்தையே சட்டம் வரையறுத்துவிட்டது. 2019 திசம்பரில் நடைமுறைக்கு வந்த படைக்கலத் திருத்தச் சட்டத்தின்படி ஒருவர் வைத்திருக்கத்தக்க சுடுகலங்கள் இரண்டு மட்டுமே. அதற்கு முன்னர் மூன்று. மசோதா முதலில் முன்மொழிந்ததோ ஒன்று. போட்டிகளில் சுடும் வீரர்களுக்கு விதிவிலக்கு தனியே உண்டு. பிறர் அனைவருக்கும் இரண்டே.

இந்த வரம்பு தவறானதன்று. வடமாநிலத் திருமண ஊர்வலங்களில் வானை நோக்கிச் சுட்ட தோட்டா மாடியில் நின்ற குழந்தையின் மேல் இறங்கிய செய்திகளைப் படித்தவர் எவரும் துப்பாக்கிகளின் எண்ணிக்கை பெருக வேண்டும் என்று வாதிட மாட்டார். அதே திருத்தச் சட்டம்தான் கொண்டாட்டத் துப்பாக்கிச்சூட்டைத் தனிக் குற்றமாக்கி, ஈராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதித்தது. வரம்பை ஏற்றுக்கொண்ட பிறகும் இரண்டு கேள்விகள் எஞ்சுகின்றன. இரண்டே இடம் உள்ள தொகுப்பில் எவை இருக்க வேண்டும்? வரம்புக்கு வெளியே போன மூன்றாவது துப்பாக்கி என்ன ஆயிற்று? முதற்கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்போர் அரியர்.

தொகுப்பு என்ற சொல்லே முதற்கேள்விக்கு ஒரு வழி காட்டும். தமிழில் தொகுத்தல் என்பது குவித்தல் அன்று. சங்கப் பாடல்களைத் தொகைகளாக்கியவர்கள் கிடைத்தவற்றையெல்லாம் ஒரே கட்டில் கட்டவில்லை. நான்கடி முதல் எட்டடி வரையுள்ளவை குறுந்தொகைக்கு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நற்றிணைக்கு, பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை அகநானூற்றுக்கு என ஓர் அளவுகோல் வைத்தே பிரித்தார்கள். அளவுகோல் இல்லாமல் வாங்கிய இரண்டு துப்பாக்கிகள் அலமாரியில் உள்ள இரண்டு இரும்புத் துண்டுகளே.

இன்று சந்தை முன்வைக்கும் அளவுகோல் அச்சம். இந்திய அரசுத் தொழிற்சாலைகள் தம் கைத்துப்பாக்கிகளுக்கு இட்ட பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது விளங்கும். 2014 சனவரியில் கான்பூரிலிருந்து வெளிவந்த .32 ரிவால்வரின் பெயர் நிர்பீக். பெண்களுக்கானது என்று விளம்பரப்படுத்தப்பட்ட அது, 2012 திசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கொடுமையின் நினைவைத் தாங்கிய பெயர். "அஞ்சாதது" என்று பொருள். எடை அரைக் கிலோ அளவு, விலையோ அன்றைக்கே ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். இச்சாபூரில் உருவான .22 ரிவால்வருக்குப் பெயர் நிடர். அதற்கும் "அஞ்சாதது" என்றே பொருள். 2023 ஆகத்தில் கான்பூரிலிருந்து வந்தது பிரபல்; "வலிமை மிக்கது" என்று பொருள். (பிரபலம் என்றால் புகழ் என்று கொள்ளும் தமிழர் காதில் அது திரை நட்சத்திரம் ஒருவரின் துப்பாக்கி போல ஒலிப்பது வேறு கதை.) .32 பிஸ்டலின் பெயர் அஷனி, இடி. நம் இலக்கியத்திலும் அசனி என்றால் இடிதான். அஞ்சாமை, அஞ்சாமை, வலிமை, இடி. இப்பெயர்களில் ஊரோ, ஆண்டோ, வடிவமைத்தவரோ இல்லை. வாங்குபவர் எதற்கோ அஞ்சிக்கொண்டிருக்கிறார் என்று முன்கூட்டியே முடிவுசெய்து அவருக்கு விற்கப்படும் பெயர்கள் இவை. ஒரு தொழிலாளியின் பல மாதக் கூலியை விழுங்கும் கருவி எந்தப் பெண்ணின் எந்த அச்சத்தைப் போக்கும் என்ற கேள்வி நிர்பீக் வந்த நாளிலேயே எழுந்தது. அதற்கு விடை வரவில்லை. அலமாரியில் பூட்டியிருக்கும் துப்பாக்கி தெருவில் உதவுவதில்லை. பூட்டாமல் வைத்த துப்பாக்கி முதலில் சுடுவது பெரும்பாலும் அந்த வீட்டாரையே.

அச்சத்தை விலக்கிவிட்டு அறிவை அளவுகோலாகக் கொண்டால் தேர்வு வேறுவிதமாக அமையும். மொழியியல் மாணவருக்கு முதற்பருவத்திலேயே கற்பிக்கப்படும் ஒரு முறை உண்டு. ஒரு மொழியின் ஒலிகளை இனங்காண, ஓர் ஒலியால் மட்டும் வேறுபடும் சொற்களை அருகருகே வைத்துப் பார்ப்பார்கள்: பல்லி, பள்ளி. இரண்டே இடமுள்ள தொகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. ஒரே .32, ஒன்று ரிவால்வர், மற்றொன்று பிஸ்டல்.

இங்கே உரிமத்தாளின் மொழி ஒரு பொறியை வைத்திருக்கிறது. தாளில் ".32" என்று ஒரே எண் இருந்தாலும் அது சுட்டும் தோட்டாக்கள் இரண்டு. ரிவால்வருக்கானது 1896இல் தோன்றிய ஸ்மித் அண்ட் வெஸன் லாங். அடியில் துருத்திய விளிம்பு உண்டு, உருளையின் துளையில் அவ்விளிம்பே அதைத் தாங்கி நிறுத்தும். பிஸ்டலுக்கானது ஜான் பிரௌனிங் 1899இல் வடித்தது. மகசீனில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும் என்பதால் விளிம்பு ஏறத்தாழ உடலோடு ஒட்டியே இருக்கும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. புதியவர்கள் தடுமாறும் இடம் இது. கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் பெட்டியின் மேலுள்ள முழுப்பெயரைப் படித்துவிட்டே கையெழுத்திட வேண்டும்.

ரிவால்வரைப் பொறுத்தவரை, இந்தியாவில் அதன் வரலாறு வெப்லியின் வரலாறு. பர்மிங்காமில் பிறந்த அந்த மரபில் குழல் முன்னோக்கி மடியும். பின்புறத் தாழ்ப்பாளை அழுத்திக் குழலைக் கீழே சாய்த்தால் உருளையின் நடுவிலிருந்து விண்மீன் வடிவத் தகடு எழுந்து ஆறு வெற்றுக் கூடுகளையும் ஒருசேர உயர்த்தும். முதலாம் உலகப்போரில் ஆங்கிலேயப் படை ஏந்திய ஆறாம் மார்க் இம்மரபினது. அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வரும் வெப்லி நான்காம் மார்க்கின் வழிவந்தது. நிர்பீக்கும் இப்படியே மடிகிறது. வெப்லி அண்ட் ஸ்காட் என்ற பெயரிலேயே இப்போது உத்தரப்பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டச் சண்டீலாவில் ரிவால்வர்கள் உருவாகின்றன. பிரபல் இம்மரபிலிருந்து விலகியது, அதன் உருளை பக்கவாட்டில் வெளிவரும். பழைய வெப்லி ஒன்று நியாயமான விலைக்குக் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கிடைக்காதவர் அரசுத் தொழிற்சாலையின் .32ஐ எடுக்கலாம். அழகில் குறைவு, மரபு அதேதான்.

பழையதை வாங்குபவர் மெருகைப் பார்த்து மயங்கக் கூடாது. பளபளக்கும் புதுப்பூச்சு பல சமயம் துருக்குழிகளை மறைக்கப் பூசியது. துப்பாக்கி வெறுமையாக இருப்பதை முதலில் உறுதிசெய்த பின், குழலைப் பூட்டிய நிலையில் கீல் ஆடுகிறதா, தாழ்ப்பாள் இறுகப் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். மடியும் ரிவால்வர்கள் முதலில் தேய்வது அங்கே. சுத்தியலை முழுதும் பின்னிழுத்த நிலையில் உருளை அசையக் கூடாது. அசைந்தால் துளையும் குழலும் நேர்கோட்டில் நில்லா. தேர்ந்த துப்பாக்கித் தொழிலாளர் ஒருவரிடம் காட்டாமல் பணம் கொடுப்பது மடமை. தொடர் எண் சுரண்டப்பட்டிருந்தால், விலை எவ்வளவு குறைவாயினும், தொடவே கூடாது. அது சட்டப்படியும் குற்றம். தொகுப்பாளரின் கண்ணிலோ, பெயரை வெட்டி எறிந்த ஏட்டுச் சுவடிக்கு ஒப்பானது.

இரண்டாவது இடம் பிஸ்டலுக்கு. அஷனியை வாங்கலாம். ஆனால் இறக்குமதி அடைபடுவதற்கு முன் வந்த பழைய பிரௌனிங்கோ கோல்ட்டோ முறையான தாள்களோடு கிடைக்குமாயின், விலை உயர்வாயினும், அதற்குக் காத்திருப்பது நலம். காரணம் வேகமோ வலிமையோ அன்று. இந்நாட்டின் விடுதலை வரலாற்றில் நிலைத்த கைத்துப்பாக்கிகள் பல பிரௌனிங்கின் வரைபலகையிலிருந்து வந்தவை. 1911 சூன் 17 அன்று மணியாச்சிச் சந்திப்பில் வாஞ்சிநாதன் ஏந்தியது பெல்ஜியத்துப் பிரௌனிங். 1931 பிப்ரவரி 27 அன்று அலகாபாத்தின் ஆல்பிரட் பூங்காவில் சந்திரசேகர ஆசாத்தின் கையில் இருந்தது .32 கோல்ட். அதை இன்று அலகாபாத் அருங்காட்சியகத்தில் காணலாம். 1903ஆம் ஆண்டு மாதிரியான அந்தக் கோல்ட்டுக்குச் "சுத்தியலற்றது" என்று பெயர். உண்மையில் சுத்தியல் உள்ளே மறைந்திருக்கிறது. பெயரை நம்பிப் பொருளைப் படிப்போர்க்கு ஒரு நல்ல பாடம்.

இவ்விரண்டும் வாங்கும் முன் வேறொன்று வேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகள் உரிமம் கேட்போருக்குப் பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கின. அப்பயிற்சி பல இடங்களில் ஒரு சான்றிதழாகச் சுருங்கிவிடுகிறது. அதை நம்பாமல், ஒரு சுடுபயிற்சிக் கழகத்தில் ஓராண்டாவது காற்றழுத்தப் பிஸ்டலைப் பழகுவது நல்லது. விட்டம் .177 அங்குலத்துக்கும் முகவாய் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாதவற்றுக்கு உரிமம் தேவையில்லை. பாரிசில் 2024இல் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றதும் பத்து மீட்டர் காற்றழுத்தப் பிஸ்டலில்தான். விசையை அழுத்தும்போது மணிக்கட்டு நடுங்காதிருக்கக் கற்காதவர் கையில் வெப்லியும் ஒன்றுதான், சுத்தியலும் ஒன்றுதான். ஓராண்டுப் பழக்கத்துக்குப் பின் பலருக்கு உரிமம் பெறும் ஆசையே அகன்றுவிடும். அதுவும் நல்ல முடிவே. .22 நிடரைப் பயிற்சிக்கென்று சிலர் பரிந்துரைப்பதுண்டு. கால் கிலோ எடையும் உள்ளங்கைக் குழலும் கொண்ட அது மறைத்து வைப்பதற்கானது. இலக்குப் பழக உதவாது.

வாங்கிய பின் காப்பது பற்றி நீட்ட வேண்டியதில்லை. தோல் உறையில் நெடுநாள் வைத்தால் துருப்பிடிக்கும், ஏனெனில் பதனிட்ட தோல் ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைக்கும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, பூட்டிய இரும்புப் பெட்டி, தோட்டாக்களுக்கு வேறு பெட்டி, வேறு சாவி. வீட்டில் எவரேனும் மனச்சோர்வில் இருக்கும் காலத்தில் துப்பாக்கியை உரிமம் பெற்ற வணிகரிடம் வைப்பில் ஒப்படைத்துவிடுவது எல்லாவற்றிலும் முதன்மையான காப்பு. கௌரவக் குறைவு என்று எண்ணி இதைச் செய்யாத குடும்பங்கள் பிறகு வருந்தியிருக்கின்றன.

இனி மூன்றாவது துப்பாக்கி.

2019 திருத்தம் மூன்று வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டு அவகாசம் தந்தது. ஏதேனும் இரண்டை வைத்துக்கொண்டு மீதியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். அவகாசம் முடிந்த தொண்ணூறு நாளுக்குள் அவற்றின் உரிமம் நீக்கப்படும். வழிவழி வந்த துப்பாக்கிக்கும் இரண்டு என்ற வரம்பு பொருந்தும் என்று சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. அவ்வாண்டு 2020, ஊரடங்கின் ஆண்டு. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று குடும்பங்கள் எப்படி முடிவுசெய்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. சுடக்கூடிய புதியது தங்கியிருக்கும். தோட்டா கிடைக்காத, தாத்தாவின் காலத்து, பிடியில் விரிசல் விழுந்த பழையது வெளியே போயிருக்கும். வரலாற்றின் கண்கொண்டு பார்த்தால் தலைகீழான தேர்வு இது. உரிய காலத்தில் திரும்பப் பெறப்படாத துப்பாக்கி மாவட்ட நிர்வாகத்தின் ஆணையால் அரசுடைமையாகும். அதன் பின் அது சாக்கில் கட்டப்பட்ட இரும்பு.

இழப்பு இரும்பில் இல்லை, தாளில் இருக்கிறது. பகத்சிங்கின் பிஸ்டல் இதற்குச் சான்று. 1928 திசம்பரில் லாகூரில் சாண்டர்ஸ் கொலை வழக்கோடு தொடர்புடைய அந்த .32 கோல்ட், விடுதலைக்குப் பின் பஞ்சாபின் பில்லூர்க் காவல் பயிற்சிப் பள்ளியிலிருந்து 1969இல் இந்தூருக்கு, எல்லைப் பாதுகாப்புப் படையின் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. துருவிலிருந்து காக்கவென்று அதன்மேல் கறுப்பு வண்ணம் பூசினார்கள். எண் மறைந்தது, எண்ணோடு பெயரும் மறைந்தது. பல பத்தாண்டுகள் அது பெயரற்ற துப்பாக்கிகளுள் ஒன்றாக இருந்தது. 2016இல் பழைய ஆவணத்திலிருந்த தொடர் எண்ணை வைத்துத் தேடி, வண்ணத்தைச் சுரண்டிய பின்தான் இன்னதென்று தெரிந்தது. மறு ஆண்டு அது பஞ்சாபின் உசைனிவாலாவுக்கு மீண்டது. நாட்டின் மிகப் புகழ்பெற்ற வழக்கொன்றின் சான்றுப்பொருளுக்கே இந்த நிலையென்றால், ஏதோ ஒரு வட்டத்தில் ஒரு கிராம முனிசீப்பின் பெட்டியிலிருந்த வெப்லியை எவர் இனங்காண்பார்?

ஆங்கிலேயர் 1878இல் லிட்டன் பிரபுவின் ஆட்சியில் இரண்டு சட்டங்கள் இயற்றினர். ஒன்று இந்தியர் கையிலிருந்த படைக்கலங்களைக் கட்டுப்படுத்தியது, மற்றொன்று இந்திய மொழிகளின் செய்தித்தாள்களைக் கட்டுப்படுத்தியது. பின்னது ரிப்பன் காலத்தில் நீங்கியது. முன்னது விடுதலை பெற்ற பின்னும், 1959ஆம் ஆண்டின் சட்டம் நடைமுறைக்கு வரும் வரை நின்றது. மொழிச் சட்டம் நீங்கியதால் அக்காலப் பத்திரிகைகள் இன்று ஆவணக் காப்பகங்களில் உள்ளன. அவற்றைக் கொண்டு முனைவர் பட்டங்கள் எழுதப்படுகின்றன. படைக்கலச் சட்டத்தின் கீழ் வழங்கிய உரிமப் புத்தகங்களோ குடும்பங்களின் தகரப் பெட்டிகளில் கிடக்கின்றன. யாருக்கு உரிமம் கிடைத்தது, எந்த நிலவுடைமையாளர் எத்தனை வைத்திருந்தார் என்பதெல்லாம் அவற்றில் எழுதியிருக்கும். சமூக வரலாற்றுக்கு அவை பத்திரிகைகளுக்கு இளைத்த சான்றுகள் அல்ல.

ஒப்படைக்கும் துப்பாக்கியைக் குடும்பத்துக்குத் திருப்பித் தர வேண்டும் என்று எவரும் கோர வேண்டியதில்லை. கோரத்தக்கது சிறிது. படைக்கலச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழம்பொருள் மதிப்புடையதும் பழுதுபார்த்தாலும் சுட இயலாததுமான கலத்தைச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. ஐதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்திலும் தில்லி தேசிய அருங்காட்சியகத்திலும் படைக்கலக் கூடங்கள் உண்டு. தஞ்சை அரண்மனைப் படைக்கொட்டிலின் கலங்கள் பல சென்னை எழும்பூரில் இருக்கின்றன. நூறாண்டு கடந்த ஒப்படைப்புகளை அழிக்கும் முன் மாவட்ட நிர்வாகம் ஓர் அருங்காட்சியகக் காப்பாளருக்கு ஒரு பட்டியல் அனுப்பினால் போதும். வேண்டியவற்றைச் சுட இயலாதபடி செய்து அவர் எடுத்துக்கொள்வார், மீதி உலைக்குப் போகட்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும்.

அச்சுற்றறிக்கை வரும் வரை குடும்பங்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. தந்தை இறந்தபின் மூன்றாவதாகிவிட்ட துப்பாக்கியைக் காவல் நிலையத்துக்கு எடுத்துச் செல்வதற்கு முந்தைய மாலை, அதன் இருபுறமும் ஒளிப்படம் எடுத்துக்கொள்ளலாம். தொடர் எண், செய்தவர் முத்திரை, குழலின் மேலுள்ள சோதனை முத்திரைகள், பிடியில் எவரேனும் பொறித்த எழுத்து ஆகியவற்றைத் தாளில் எழுதலாம். பழைய உரிமப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படி எடுக்கலாம். அது எப்போது, யாரிடமிருந்து, எதற்காக வாங்கப்பட்டது என்பதை அறிந்த மூத்தவர் எவரேனும் வீட்டில் இருந்தால் அவர் சொல்வதைப் பதிவுசெய்துகொள்ளலாம். ஒப்படைத்தபின் தரும் பற்றுச்சீட்டில் ".32 ரிவால்வர் ஒன்று" என்று மட்டும் எழுதியிருந்தால், தொடர் எண்ணையும் சேர்த்து எழுதித் தரும்படி அங்கேயே நின்று கேட்க வேண்டும்.